இரைச்சல் என்று எடுத்தது

இந்த வீட்டில் ஒரு பத்து நிமிஷம் எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த அறையில் மகள் படுத்திருந்தாள். எட்டு வயது. சளி பிடித்தால் நெஞ்சு இளைக்கும், மூச்சுக்கு மூச்சு மெல்லிய விசில் ஒன்று வரும். அது காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்றுதான் வேலையறைக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். விழுந்துகொண்டே இருந்ததில் எரிச்சலும் வந்தது. ஒரே மனதுக்குள் இரண்டுக்கும் இடமிருந்தது.

பழைய ரெக்கார்டுகளைக் கணினிக்கு மாற்றி, இரைச்சலை நீக்கிக் கொடுப்பது அவள் தொழில். அன்று ரெக்கார்ட் பிளேயரில் சுற்றிக்கொண்டிருந்தது ஸ்வீடன் நாட்டு டெத் மெட்டல், சாவைப் பற்றிய முரட்டு ராக் இசை. நாலு பையன்கள் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ நிலவறையில் போட்ட ஒரே ஒரு ரெக்கார்ட். அதோடு அந்தக் குழுவைப் பற்றி யாரும் எதுவும் கேள்விப்படவில்லை. அட்டையில் கறுப்பு மையில் ஒரு கல்லறைத் தோட்டம். மேலே மரவேர் மாதிரிப் பின்னிக் கிடந்த எழுத்து, எந்த மொழிக்காரனாலும் படிக்க முடியாதது. கிட்டார்கள் ஈர மரத்தை அறுத்தன. அதற்கடியில் ஒரு குரல், பாடுவதாக இல்லாமல், உள்ளே இழுப்பதாக உறுமியது.

"அஜீரணத்துக்கு ஏதாவது குடுத்திருக்கலாம் அந்தப் பையனுக்கு," என்று சொல்லிவிட்டுத்தான் கணவன் மருந்துக் கடைக்குப் போயிருந்தான்.

காலையில் ரெக்கார்டைக் கொண்டுவந்து கொடுத்த தாடிக்காரர் அப்படி விளையாட்டாகப் பேசவில்லை. "ரொம்பக் கழுவிடாதீங்க மேடம். இதுல எது பாட்டு, எது அழுக்குன்னு எனக்கே தெரியாது."

இரைச்சலை நீக்க வேண்டுமென்றால், எது இரைச்சல் என்று முதலில் கணினிக்குக் காட்ட வேண்டும். பாட்டில்லாத இரண்டு நொடி வேண்டும். இந்த ரெக்கார்டில் அப்படி ஒரு இடமே இல்லை, பாட்டு முடிந்தபின் ஊசி ஓடும் கடைசி வரிப்பள்ளத்தைத் தவிர. அந்த வரி வட்டமாக மூடியிருக்கும். ஊசி அதில் விழுந்தால், கையால் எடுக்கும்வரை அதே வட்டத்தில் சுற்றும். அவள் அங்கிருந்து இரண்டு நொடியை எடுத்தாள். இதெல்லாம் வேண்டாதது, எடுத்துவிடு என்றாள்.

அந்த இரண்டு நொடிக்காவது கதவைச் சாத்த மறந்திருந்தாள். ஊசி நுண்ணியது, அறைக்குள் இருமினால்கூட அதிரும். கற்றுக்குட்டிதான் இந்தத் தப்பைச் செய்வான்.

நிமிர்ந்தபோது கடிகாரம் கண்ணில் பட்டது. நொடி முள் நகர்ந்துகொண்டிருந்தது. டிக் டிக் என்ற சத்தம் மட்டும் இல்லை.

காது அடைத்திருக்கும் என்று நினைத்து எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது நன்றாகவே கேட்டது. சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கையை வைத்தாள். உள்ளங்கைக்கு அதிர்வு தெரிந்தது. ஆனால் இத்தனை வருஷமாக இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்த அந்தச் சாமான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றது. சாயங்கால வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. வீடு அவள் கேட்ட மாதிரியே இருந்தது.

திரும்பி வந்து, கணினி தனியாக எடுத்துப் போட்டிருந்த இரைச்சலை மட்டும் ஓடவிட்டாள். டிக், டிக். ஃப்ரிட்ஜின் முனகல். அவற்றின் பின்னால், கிணற்றடியிலிருந்து வருவதுபோல, மெல்லிய விசில்.

நிறுத்தினாள். எடுத்ததைத் திருப்பிப் போடச் சொன்னாள். கணினி போட்டது. சுவரில் முள் சத்தமில்லாமல் நகர்ந்தது.

விசில் நிற்கவில்லை.

கணினியில் எதுவும் ஓடவில்லை. சத்தம் ரெக்கார்டிலிருந்து வந்தது. ஊசியை எடுக்க மறந்திருக்கிறாள்; அது கடைசி வரியில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மூடிய வரியில் ஒவ்வொரு சுற்றும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒரு சுற்றில் மூச்சு உள்ளே போனது. அடுத்த சுற்றில் வெளியே வந்தது.

மகள் அறைக்கு ஓடினாள். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கியது. வாயருகே காதை வைத்தாள். சூடு தெரிந்தது. சத்தம் இல்லை.

ஓடிவந்து ஊசியை எடுத்தாள்.

திறந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. நெஞ்சு ஏறவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. குழந்தையின் கால் போர்வையை உதைத்தது. உதடு நீலமாகியது.

ஊசியை அதே வரியில் வைத்தாள்.

விசில். நெஞ்சு ஏறியது.

கணவனுக்குப் போன் செய்தாள். "குட்டிக்கு மூச்சு சரியில்ல. வாங்க."

அவன் வண்டியில் வந்து வாசலில் நிறுத்தினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வேலையறைக்கு வந்தான். குழந்தை விழித்திருந்தது. வாயைப் பிளந்து அழுதது, கண்ணீர் அவன் சட்டையை நனைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"தொண்டை கட்டிப் போச்சு பாரு, அழக்கூட முடியல. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் இங்க இருக்கேன்."

"என்ன பேசற நீ? பெத்தவதானே?"

அவள் ரெக்கார்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் ஸ்பீக்கரில் குழந்தை அழுதது. சுற்றுக்கு ஒரு துண்டாக, தேம்பித் தேம்பி அழுதது. அதற்கு அடியில் இன்னொருவன் பொறுமையாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான்.

"அந்த உறுமலை முதல்ல நிறுத்து," என்றான் கணவன். அவனுக்கு அவ்வளவுதான் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஊசி முனையில் கறுப்பாக ஒரு நூல் சேர்ந்து தொங்கியது. வரி தேய்ந்துகொண்டிருந்தது. இந்தச் சுற்றில் விசில், போன சுற்றைவிட ஒரு மயிரிழை மெலிந்திருந்தது. எத்தனை சுற்று தாங்கும் என்று கணக்குப் போட அவளுக்குத் தெரியும். தன் தொழில்தானே. போடவில்லை.

தோளில் கிடந்த குழந்தை அவளை நோக்கிக் கையை நீட்டியது. உதடுகள் அசைந்தன. அம்மா, நீயும் வா. அந்த வார்த்தைகள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தன.

"நிறுத்திட்டு வா," என்றான் கணவன். அவன் கை ரெக்கார்ட் பிளேயரின் சுவிட்சுக்கு நீண்டது.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேங்க," என்றாள், ஊசி அதிர்ந்துவிடாதபடி, மிக மெதுவாக.