காயாத கை

பெகி வீட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்ததுமே மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை மூத்திரத்தில் ஊறவைத்துப் பலகையில் அறைந்தால்தான் இறுகும். யார் வீட்டுப் பானை இது என்று கிண்டல் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டு ஆம்பளைங்களது இல்லடி. அவங்க குடிக்கிற குடிக்குத் துணியே பொசுங்கிரும்" என்றாள் கிர்ஸ்டி.

நீளப் பலகையின் இருபுறமும் நாங்கள் எட்டுப் பேர். எனக்கு எதிரே மார்சலி. துணி, வெள்ளிக்கிழமை அவளை மணக்கப்போகும் டார்க்கிலின் கோட்டுக்கு. அவன் அவளுக்குக் கொழுந்தன். முந்தின வருஷம் தன் அண்ணன், அவள் புருஷன் லாக்லனோடு படகேறித் தனியாகத் திரும்பியவன். அண்ணனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றான். தீவே முணுமுணுத்தது. மார்சலி மட்டும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. வீடும் நிலமும் இப்போது அவன் பேரில். தொட்டிலில் லாக்லனின் பிள்ளை. தீவை விட்டுக் கிளாஸ்கோ பட்டணத்தில் போய் நிற்க அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

பாட்டெடுத்தவள் பெகி, அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பெற்றவள். தாளத்துக்கு ஈரத்துணியை அறைந்து அறைந்து கைமாற்றினோம். ஐந்து பாட்டு முடிந்தது. ஆறாவதாக அவள் எடுத்தது, முதலில் பாடிய அதே பாட்டு.

எங்கள் கைகள் நின்றுவிட்டன.

ஒரு துணிக்கு ஒரு பாட்டை இரண்டாம் தரம் பாடுவதில்லை. பாடினால் செத்தவர் வந்து அந்தத் துணியில் கைவைப்பார்.

"அத்தை, அது பாடியாச்சு" என்றாள் மார்சலி, மெதுவாக.

"தெரியும்டி. நீ இருக்கிறவன்கிட்ட கேக்கப் பயந்துட்ட. நான் போனவன்கிட்ட கேக்குறேன்."

தனியாகவே பாடினாள்.

எங்கள் கைகள் மடியில் இருந்தன.

பலகை தட்டென்று அதிர்ந்தது.

மறுபடியும்.

நெடி போய்க் கடற்பாசி வாசம் வந்தது. பலகையின் தலைமாட்டில், யாரும் உட்காராத இடத்தில், துணியில் நான்கு விரல்கள் பதிந்து இறுகின. பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விலகின. யாரோ வலிந்து பிரித்தெடுப்பதுபோல.

"படகைப் பிடிச்சிருந்திருக்காரு" என்றாள் மார்சலி. "விரலைப் பிரிச்சு விட்டிருக்கான்."

பெகி துணியைச் சுருட்டினாள்.

"எனக்கு மிச்சம் ஒரு மகன்தான்டி. வெள்ளிக்கிழமை கல்யாணம் நடக்கும்."

நடந்தது. சதுப்பில் வெட்டிய கரிமண் நெருப்பில் இரண்டு நாள் காயவைத்த அந்தக் கோட்டின் வலது கை மட்டும், நான்கு விரல் அகலத்துக்கு, ஈரமாகவே இருந்தது.

இருபது வருஷமாக வேதக் கோயிலில் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்காருகிறேன். மார்சலி அவனுக்கு இடப்பக்கம்தான் உட்காருவாள். வலப்பக்கம் ஓர் ஆள் இடம் காலியாகவே கிடக்கும்.

அந்த இடம் காய்ந்து நான் பார்த்ததில்லை.