மூன்றாவது தட்டு

சாயங்காலம் நாலு மணிக்குக் கரையோர வானொலியைக் கூப்பிட்டுப் படகு எங்கே இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லும்போது, விக்னராஜா "மூன்று பேர்" என்றார். இருந்ததோ இரண்டு பேர்.

நரசிம்மன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டான். எண்ணக்கூடத் தெரியாத ஆளிடமா வந்து மாட்டினோம்! கிளென் வேவர்லியில் வீடு, மென்பொருள் கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கும் வேலை, நாற்பத்தாறு வயது என்று சௌகரியமாக இருந்தவன் அவன். பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து, ஆஸ்திரேலியாவைப் பாய்மரப் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவரப் போகிறேன் என்று அறிவித்துவிட்டான். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் தனக்குப் படகு ஓட்டத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் சிட்னி வென்ட்வேர்த்விலில் இருக்கும் விக்னராஜாவைப் பிடித்தான். அவர் தன் படகில் ஆளை ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே போய், போகப் போகக் கற்றுக்கொடுப்பவர்.

"நான் விசா வாங்கி ப்ளைட்ல வந்தவன். இவர் அகதியா போட்ல வந்தவர். போட் ஓட்டக் கத்துக்க இவரை விட்டா யாரு?" என்று ஏறிய அன்றைக்கே மனைவி தேஜஸ்வினியிடம் போனில் சொல்லிச் சிரித்தான். வாயில் 'சார்', மனசில் படகுக்காரன்.

சாப்பாட்டு நேரத்தில் விக்னராஜா மூன்று தட்டு வைத்தார். சோறு, சொதி, கருவாட்டுப் பொரியல். மூன்றாவது தட்டைக் கீழே அறையில், எஞ்சினுக்குப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டு வந்தார். அங்கே மூன்று உயிர்காப்பு அங்கிகள் தொங்கின; யாரும் போடாத மூன்றாவதுதான் எப்போதும் ஈரமாக இருந்தது.

"யாருக்கு சார் அது?"

"நாங்கள் வந்த படகில இருபத்தேழு பேர், தம்பி. வேற கப்பலுக்கு மாறேக்க எண்ணிச் சொன்னது நான்தான். இருபத்தாறு எண்டு சொல்லிப்போட்டன். கீழ எஞ்சினடியில ஒருத்தன் படுத்திருந்தவன். படகு அவனோட கடலுக்கடியில தாண்டுபோச்சுது." அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "அண்டைக்குப் பிறகு நான் ஏறுற படகெல்லாம் அவனும் ஏறுறான். எண்ணினால் பேசாமல் இருப்பான்."

"எண்ணலைன்னா?"

"எண்ணாமல் விட்டதில்லை."

நல்ல கதை. வெள்ளைக்காரனிடம் சொன்னால் கண்ணீர் விடுவான். நரசிம்மனுக்குக் கொட்டாவிதான் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கரை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியது. மறுநாள் காலை ஈடன் துறைமுகத்தில் தேஜஸ்வினி காரோடு வந்து காத்திருப்பாள். விக்னராஜா சுக்கானைத் தானியங்கியில் போட்டுவிட்டு, "ஒரு மணித்தியாலம் படுத்திட்டு வாறன், நாலு மணிக்கு எழுப்புங்கோ" என்று கீழே போனார். நாலு மணி ஆனது. நரசிம்மன் எழுப்பவில்லை. ஒலிவாங்கியை அவனே எடுத்தான். ஆபீசில் யாருடைய அறிக்கையிலாவது ஒரு எண் பிசகியிருந்தால் பத்துப் பேர் முன்னால் அதைச் சுட்டிக்காட்டித் திருத்தினால்தான் அவனுக்கு அன்றைய காப்பி இறங்கும். அந்தப் பழக்கம் கடலுக்கு வந்தும் விடவில்லை.

"படகில் இரண்டு பேர். முன்பு மூன்று என்று சொன்னது தவறு. திருத்திக்கொள்ளவும்" என்று தன் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னான்.

மறுமுனையில் இருந்த கிழவர் உற்சாகமாக, "சரி நண்பா, இரண்டு" என்றார்.

அதற்குப் பிறகு காற்று விழுந்தது. பாய் துவண்டு தொங்க, பனியின் ஈரம் கம்பிகளில் சேர்ந்து சொட்டுச் சொட்டாகத் தளத்தில் விழ, அந்தச் சொட்டுகளுக்கு நடுவே இன்னொரு சத்தம் முன்பக்கத்திலிருந்து மெதுவாக வந்தது. தளத்தில் நடக்கிறவர்கள் விழுந்துவிடாமல் இருக்க இடுப்புக் கயிற்றின் கொக்கியை ஓரத்து வாரில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அந்தக் கொக்கிச் சத்தம். டக். கொஞ்சம் இடைவெளி. டக். பழைய டீசலும் நனைந்த சாக்கும் கலந்த நாற்றம் வந்தது. நரசிம்மனின் கொக்கி அவன் காலடியில் கிடந்தது. விக்னராஜாவின் குறட்டை கீழிருந்து கேட்டது.

ஏதோ கயிறு தளர்ந்து அடிக்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். எழுந்து போய்ப் பார்க்க மட்டும் கால் வரவில்லை.

விக்னராஜா பதறி எழுந்து வந்தார். மூக்கை உறிஞ்சினார். "ரேடியோவில கதைச்சனீங்களோ?"

"கரெக்ட் பண்ணிட்டேன் சார். ரெண்டு பேர்னு சொல்லியாச்சு. ஒரு கணக்கு ஒழுங்கா இருக்க வேணாமா?"

அவர் முகம் வெளுத்துப்போனது. ஒலிவாங்கியைப் பறித்துக் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். அவர் விடாமல் கூப்பிடுவதை நரசிம்மன் அருவருப்போடு பார்த்தான்.

"தம்பி, இனி ரெண்டுதான். அவன் ஏறினால் ஒராள் அவன்ர இடத்துக்கு இறங்கோணும். விடியும்வரை கீழ போகாதேங்கோ. என்ர கண்ணுக்கு முன்னால இருங்கோ."

"சார், உங்க ஊர்ப் பேய்க்கு என் கம்பெனி எச்.ஆரே பரவாயில்ல" என்றான் நரசிம்மன். குளிர் எலும்பைக் கடித்தது. இருட்டிக்கொண்டு வந்தது. புது மஞ்சள் மழைக்கோட்டைக் கீழே மாட்டிவைத்திருந்தான். ஒரு படகுக்காரனின் பயத்துக்காக விறைத்துச் சாவானேன்? விக்னராஜா தோளைப் பிடித்தார். தட்டிவிட்டு இறங்கினான்.

அறையில் கால் வைத்ததும் கணுக்கால்வரை தண்ணீர். மூன்று உயிர்காப்பு அங்கிகளில் எப்போதும் ஈரமாகவே தொங்கும் மூன்றாவது அங்கி காய்ந்திருந்தது. மஞ்சள் கோட்டு மாட்டியிருந்த ஆணி காலி.

மேலே பேச்சுக் குரல் கேட்டது.

படியில் நின்று எட்டிப் பார்த்தான். சுக்கானுக்குப் பக்கத்தில் விக்னராஜா. அவர் எதிரில் மஞ்சள் கோட்டு. கோட்டுக்குள் ஆள்.

"இவ்வளவு நேரம் கீழ என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார் விக்னராஜா.

"ஒண்ணுமில்ல சார். கோட்டு எடுக்கப் போனேன்."

நரசிம்மனின் சொந்தக் குரல். அதே இளப்பம். அதே 'சார்'.

நரசிம்மன் கத்தினான். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து தண்ணீர் வந்தது. உப்பு. டீசல். மஞ்சள் கோட்டு திரும்பாமலே கையை நீட்டி அறைக் கதவைச் சாத்தியது. இருட்டு. அறைந்தான். கையே கதவில் படவில்லை. கால் தானாக நடந்தது. எஞ்சின் பக்கம். பலகைக்கு அடியில். ஆள் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது.

விடிந்தது. ஈடன். பக்கவாட்டுச் சிறு ஜன்னலில் துறைமுகப் பலகைகளும், அவற்றின் மேல் தேஜஸ்வினியின் வெள்ளைச் செருப்பும் தெரிந்தன. மஞ்சள் கோட்டு இறங்கியது. அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"என்னங்க இப்படி நனைஞ்சிருக்கீங்க? ஒரே டீசல் நாத்தம்!"

"அந்தப் படகுக்காரருக்கு எண்ணவே தெரியல, தேஜூ" என்றது அவன் குரல். அவள் சிரித்தாள். இருபது வருஷமாக அவன் சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்தவள். கார்க் கதவு சாத்திக்கொண்டது.

விக்னராஜா வெகுநேரம் மேலேயே நின்றார். கோட்டு நின்ற இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படகைத் திருப்பிக் கடலுக்குள் விட்டார், தனியாக. நாலு மணிக்கு வானொலி இரைந்தது. அவர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"படகில் இரண்டு பேர்."

கீழே இறங்கி வந்தார். சோறு, சொதி. ஒரு தட்டு தனக்கு. இன்னொன்றை எஞ்சினடிப் பலகையில் வைத்தார். குனிந்து பார்க்கவில்லை.

"சாப்பிடுங்கோ தம்பி" என்றார்.

பலகை இடுக்கிலிருந்து கல்யாண மோதிரம் போட்ட ஒரு கை, ஊறி வெளுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தட்டை நோக்கி வந்தது.