காலி, இறங்குது

"எழுபத்து நாலு. காலி. இறங்குது."

ரேடியோவில் வந்த அந்தக் குரலில் பதற்றமோ அவசரமோ இல்லை. ஆனாலும் லோர்னாவின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாக எழும்பியது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். அந்தக் காட்டுச் சாலையில் காலி லாரி மேலே ஏறும், மரம் ஏற்றிய லாரி கீழே இறங்கும். காலியாக இறங்க யாருக்கும் அங்கே வேலை கிடையாது. முப்பது வருஷம் மர லாரி ஓட்டியவனின் பெண்டாட்டிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, போன கோடையில் வந்த தீ மேலே இருந்ததையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. வெட்ட மரமே இல்லை.

அவள் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய திரைக்கு அப்பால், படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வண்டியின் கட்டிலில், அந்த மர லாரிக்காரன் இர்வின் கிடந்தான். மேலே ஏரிக்கரையில் தங்கிவிட்டு இறங்கி வரும்போது குறுக்கே விழுந்து கிடந்த மரத்தை அறுக்கப் போனவனின் தொடையில் ரம்பம் பாய்ந்துவிட்டது. பெல்ட்டால் இறுக்கிக் கட்டியும் மூன்றாவது துண்டு நனைந்துகொண்டிருந்தது. பூஜ்யம் என்று எழுதிய கிலோமீட்டர் பலகைக்குப் போனால்தான் தார்ச்சாலை, அங்கேதான் போன் எடுக்கும், ஆம்புலன்ஸ் வரும். சீக்கிரம் போகாவிட்டால் இர்வின் பிழைக்கமாட்டான்.

அடுத்த பலகை வந்ததும் மைக்கை எடுத்தாள். ஒற்றைத் தடம், எங்கே பார்த்தாலும் வளைவு. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் எண்ணைச் சொல்லாமல் போகிறவன் எதிரே வருகிறவனைக் கொல்லத் துணிந்தவன் என்பது அந்த ஊர் நியாயம்.

"எழுபது. கேம்பர் ஒண்ணு. இறங்குது. பின்னால வர்றவரே, என் வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்கு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. உங்ககிட்ட மருந்துப் பெட்டி இருக்கா?"

"எழுபத்து மூணு. காலி. இறங்குது."

திரைக்குப் பின்னால் இர்வின் சிரித்தான். அவன் நெஞ்சின் மேல் வாக்கிடாக்கி இருந்தது. லாரிக்காரர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் தெம்பாக இருப்பான் என்று அவளேதான் வைத்திருந்தாள்.

"எவன்டி அவன், காலியா இறங்குறான்? பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டு வந்துட்டானா?"

"பேசாம படு. மூச்சை வீணாக்காத."

"நீ நம்பரை விடாம சொல்லு லோர்னா. அதுதான் முக்கியம்."

அறுபத்தெட்டில் சாலை சற்று அகலமாக இருந்தது. லாரியில் நல்ல மருந்துப் பெட்டி இருக்கும், தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் இருப்பான். எண்ணைச் சொல்லிவிட்டு வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துக் காத்திருந்தாள். ஜூன் மாதத்துச் சூரியன் அடங்க மனமில்லாமல் கரிந்த மரங்களின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்க, அவள் கிளப்பிவிட்ட புழுதி மட்டும் மெல்ல இறங்கிச் சரளைக்கல்லில் படிய, இவ்வளவு நேரம் கண்ணாடியை மொய்த்த கொசுக்கூட்டத்தில் ஒன்றுகூட இப்போது இல்லையென்பது அவளுக்கு உறைத்தது. மரமெல்லாம் கரிந்துபோன சரிவில், கடந்துவந்த வளைவுகள் பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரிந்தன. லாரி வந்தால் புழுதி எழும்ப வேண்டும். எழும்பவில்லை. பச்சை மரம் அறுத்த வாசனை மட்டும் வந்தது, பச்சை என்று ஒரு இலைகூட இல்லாத அந்தக் காட்டில்.

"அறுபத்தொன்பது. காலி. நிக்கிறேன்."

அவள் நின்றதால் அதுவும் நின்றிருந்தது.

சாவியைத் திருகினாள். வண்டியைக் கிளப்பினாள். அறுபத்தைந்து என்று சொன்னாள், அறுபத்தாறு என்றது. அறுபது என்றாள், அறுபத்தொன்று என்றது. புழுதி இல்லை, இரைச்சல் இல்லை, பால் காய்ச்சுகிற அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவரைப் போல நிதானமான அந்தக் குரல்தான். ஐம்பத்தாறில் மைக்கை வாயருகே கொண்டுபோனவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்குக் கண் இல்லை. அவள் சொல்லித்தான் அதற்கு வழி தெரிகிறது.

மைக்கைக் கீழே போட்டாள்.

ஒரு பலகை போனது. சத்தமில்லை. இன்னொன்று. ரேடியோ வெறுமனே இரைந்தது. நிம்மதியில் அவளுக்கு அழுகை வந்தது. எதிரே யாராவது வந்து மோதினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

"கேம்பர்."

அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

"கேம்பர். எங்க இருக்க?"

ஐம்பத்து மூன்று.

"நம்பரைச் சொல்லும்மா."

ஐம்பத்திரண்டு. வளைவில் பாத்திரங்கள் உருண்டன. பூஜ்யத்துக்குப் போய்விடலாம். போய்விடலாம். ஆண்டவரே, அவனை மட்டும் விட்டுவிடும்.

"ரோட்டுல வர்றவங்க நம்பர் சொல்லணும். தெரியாதா?"

ஐம்பத்தொன்று. வெள்ளைப் பலகை ஜன்னலோரம் கடந்தது. அப்போது இர்வினின் குரல் இரண்டு இடத்திலிருந்து கேட்டது, திரைக்குப் பின்னாலிருந்தும் ரேடியோவிலிருந்தும். ரத்தம் போன மயக்கத்தில் குழறியது. ஆனால் முப்பது வருஷப் பழக்கம், எண் பிசகவில்லை.

"ஐம்பத்தொண்ணு. கேம்பர் ஒண்ணு. இறங்குது."

"இர்வின்! சொல்லாத!"

பிரேக்கை மிதித்தாள். வண்டி சறுக்கி நின்றது. நின்ற பிறகு, பின்புறம் மெதுவாகத் தாழ்ந்தது. கனமான ஒருவர் படியில் கால் வைத்ததுபோல.

பச்சை மரத்தின் வாசனை.

"வாங்க," என்றான் இர்வின், யாரிடமோ, மரியாதையாக.

பின்புறம் மேலே எழும்பிற்று.

திரையைப் பிய்த்து எறிந்தாள். கட்டில். துண்டு. பெல்ட், கொக்கி அவிழாமல், வட்டமாக. பக்கவாட்டுக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. வெளியே அவள் கிளப்பிய புழுதி காற்றில் அப்படியே நின்றது. அதில் யாரும் நடந்துபோன கலைசல் இல்லை.

கீழே குதித்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். காடு அதைத் திருப்பித் தரவில்லை. கத்திக்கொண்டே ஓடிவந்து சீட்டில் விழுந்தாள், எங்கே ஓட்டுவது என்று தெரியாமல். ரேடியோ கரகரத்தது. இப்போது வந்தது இர்வினின் குரல். வலி இல்லை, குழறல் இல்லை.

"ஐம்பத்தொண்ணு. லோடு. இறங்குது."

காலி வண்டி ஒதுங்கி லோடு வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது அந்தச் சாலையின் சட்டம்.

"லோர்னா, நீ காலி. ஓரமா போ."

அவள் கைகள் அவளைக் கேட்காமலே ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியை ஓரத்துக்குக் கொண்டுபோயின. ஜன்னலுக்குக் கீழே, வெறும் சாலையில், சரளைக்கற்கள் இரண்டு சக்கரத் தடமாக நொறுங்க, அந்தத் தடம் அவளைக் கடந்து கீழே போயிற்று.