சுவரோரக் கட்டில்

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகுதான் ஆம்புலன்ஸ் அந்தப் பழைய மாடி வீட்டு வாசலில் வந்து நின்றது. இனி வைத்தியம் இல்லை, வலியில்லாமல் போனால் போதும் என்று வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. கணவரைக் கடைசி அறையில் படுக்கவைத்ததும், அவருடைய இடது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் அவள். உயிர் பிரியும்போது அவர் கை தன் கைக்குள் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியது.

அவள் இரண்டாந்தாரம். மூத்தவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அவளுடைய துணிமணிகளை அந்துருண்டை போட்டு ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தார் மனுஷன். தொடக்கூட விடமாட்டார்.

ஈரப் பஞ்சால் உதட்டை நனைப்பது, ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பது எல்லாவற்றையும் நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் அவள் டம்ளரைக் கழுவிவிட்டு அறைக்கு வந்தாள். அவர் வலது பக்கமாக ஒருக்களித்திருந்தார். உதட்டில் ஈரம்.

"நீங்களா சிஸ்டர் புரட்டுனீங்க?"

"நான் இப்பதானேக்கா வர்றேன்! நீங்கதான்னு நினைச்சேன். எவ்வளவு அழகா தலையணை வச்சிருக்கு பாருங்க."

அறையில் அந்துருண்டை வாசனை அடித்தது.

அவர் கட்டிலின் வலது பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். அங்கே யாருமில்லை.

"வந்துட்டியா?" என்றார்.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல். இத்தனை வருஷக் குடித்தனத்தில் தன்னைப் பார்த்து ஒரு நாளாவது இப்படிச் சிரித்திருப்பாரா? செத்தும் விடமாட்டாளா இந்தச் சக்களத்தி!

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கட்டிலின் சக்கரப் பூட்டை விடுவித்து, வலது பக்கம் சுவரில் இடிக்கும்வரை தள்ளினாள்.

"இப்ப எங்க உட்காருவே? பாத்துடலாம்."

நர்ஸ் திரும்பி வந்து பார்த்துப் பதறினாள். "ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும்க்கா. இல்லேன்னா அவரை எப்படிப் புரட்டுறது?"

"ஜன்னல் காத்து அவருக்கு ஒத்துக்கலை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் சிஸ்டர்," என்று கூசாமல் பொய் சொன்னாள்.

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவருடைய இடது கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

வலது கை நகர்ந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் இறங்கியது.

"என்னங்க... இங்க பாருங்க. நான்தாங்க."

"போலாம்," என்றார் அவர், இடுக்கைப் பார்த்து.

அவ்வளவுதான். அவளிடம் மிச்சமிருந்தது ஒரு துவண்ட கை.

ஓடி வந்த நர்ஸ் இடுக்கிலிருந்து அவர் வலது கையை இழுத்தாள். வரவில்லை. கட்டிலை நகர்த்தப் பார்த்தாள். அசையவில்லை. பிறகு கை தானாக மேலே வந்தது, யாரோ மனசில்லாமல் விட்டுக்கொடுத்ததுபோல. அந்தக் கையில் கல்யாண மோதிரம் இல்லை. மெலிந்த விரலிலிருந்து நழுவாமலிருக்க அவளே நூல் சுற்றிப் போட்டுவிட்ட மோதிரம்.

"கீழ விழுந்திருக்கும்க்கா. இருங்க, டாக்டரைக் கூட்டிட்டு ஆளோட வர்றேன்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. அதையும் அவளுக்கு விடுவேனா என்று இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள்.

சில்லென்று விரல்கள்.

அவை அவள் உள்ளங்கையை விரித்தன. மோதிரத்தை வைத்தன. நூல் இல்லை, வெறும் மோதிரம். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடின.

மூடிய கையை ஆறுதலாக ஒருமுறை தட்டிக்கொடுத்தன.