கூட வந்தவர்

தட்டில் மூன்று கப் டீ இருந்தது. வந்திருந்தது இரண்டு பேர்.

அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள், தம்பி ஒன்றை எடுத்துக்கொண்டான். மூன்றாவது கப் வீட்டுக்காரப் பெரியவருக்காக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அவருக்குச் சர்க்கரை, டீ பக்கமே போவதில்லை என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டே, மிச்சமிருந்த கப்பை ஷெட்டுக்குள் கொண்டுபோய், காரை ஒட்டி நின்றிருந்த ஆளுக்கு எதிரே ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் வைத்துவிட்டு வந்தார். அந்த ஆள் திரும்பவில்லை. கார்க் கதவின் விளிம்பில் ஒரு கையை வைத்தபடி, உள்ளே எதையோ தேடுகிறவன் போலக் குனிந்து நின்றிருந்தான். வெளிறிய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வானம் இருட்டிக்கொண்டுதான் இருந்ததே தவிர மழை இன்னும் வரவில்லை. நமக்குக் காட்டுவதற்காக வண்டியைக் கழுவியிருப்பான், மெக்கானிக்காக இருக்கும் என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

தம்பியின் கண் வேறு எதன் மேலும் நிற்கவில்லை. அறுபது வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை. அவள் இடுப்பு உயரம்கூட இல்லை. நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், மர ஸ்டியரிங், மடக்கிவிடும் துணிக் கூரை, இரண்டே இரண்டு சீட்டு. விளம்பரத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அவள் கூட வந்திருந்தாள். கல்யாணம் ஆனால் பிள்ளையை டிக்கியில் வைப்பாயா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். முதலில் பெண் கிடைக்கட்டும், அப்புறம் டிக்கியைப் பற்றிப் பேசலாம் என்றான்.

பெரியவர் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காயலான் கடைக்குப் போகவிருந்த வண்டியை வாங்கி, ஒன்பது வருஷமாகத் தன் கையாலேயே தகடு தட்டி, இஞ்சினைப் பிரித்துப் பூட்டி, உயிர் கொடுத்திருக்கிறார். இப்போது முட்டி மடங்குவதில்லை. அந்தத் தாழ்வான சீட்டில் உட்கார்ந்துவிட்டால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டுமாம். அதனால்தான் விற்கிறேன் என்றார். சொல்லும்போது காரைப் பார்க்கவில்லை.

ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். தம்பி உட்கார்ந்தான். அவன் தன் பக்கக் கதவைச் சாத்துவதற்குள் ஈரச்சட்டைக்காரன் மறுபுறம் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் அமர்ந்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வருஷ உழைப்பை முன்பின் தெரியாதவனிடம் தனியாக விட்டு அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும் என்று அவளுக்குத் தோன்றியது. தன் ஆளைக் கூட அனுப்புகிறார். நியாயம்தான்.

கார் உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. தம்பி திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். பக்கத்திலிருந்தவனின் பின்னந்தலை மட்டும் அசையாமல் போயிற்று.

கார் இருந்த இடம் காலியானதும் ஷெட்டில் ஒரு வாடை எழுந்தது. பெட்ரோலும் பாலிஷும் கலந்த மணத்துக்கு அடியில், பல நாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் முகத்தில் வந்து அறையுமே, அந்த வாடை. அவள் கீழே பார்த்தாள். சிமெண்ட் தரையில் ஈரக் கால் தடங்கள். வெறுங்கால். வாசலிலிருந்து உள்ளே வந்த தடங்கள் அல்ல. கார் நின்றிருந்த இடத்தின் நடுவில் தொடங்கி, அவன் நின்றிருந்த இடம்வரை வந்து, அங்கே குளமாகத் தேங்கியிருந்தன.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சத்தம் பெருகப் பெருக, அதற்குள்ளிருந்து இஞ்சின் சத்தத்தைப் பெரியவர் தலையைச் சாய்த்து வடிகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி நன்றாக ஓட்டுகிறான், கியரை உரசவிடாமல் மாற்றுகிறான் என்று பாராட்டினார். சத்தம் தேய்ந்து, சாலைத் திருப்பத்தில் அறுந்துபோனது. அதற்குப் பிறகுதான் சாதாரணமாகக் கேட்டார்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்மா?"

"யாரு?"

"அதான், உங்க கூட வந்தவரு. வாயே திறக்க மாட்டேங்கறாரே."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நாங்கள் இரண்டு பேர்தானே வந்தோம் என்றாள். அவர் உங்கள் ஆள் இல்லையா என்றாள். பெரியவர் மனைவியைப் பார்த்தார். மனைவியின் கையிலிருந்த தட்டு மெல்லத் தாழ்ந்தது.

"நாங்க உங்க அண்ணன்னு நினைச்சோம்மா. நீங்க கேட்டைத் திறக்கும்போதே அவரு ஷெட்டுல நின்னாரு. முன்னாடியே இறங்கி வந்துட்டாரு போலன்னு…" என்று இழுத்தார் அந்த அம்மா.

பெயின்ட் டப்பாவின் மேல் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

அவள் விரல் போனில் தம்பியின் எண்ணை அழுத்துவதற்குள் இரண்டு முறை தப்பாகப் போனது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பெரியவர் டார்ச் எடுத்து வருகிறேன் என்று ஷெட்டின் மூலைக்குப் போனார். மணி நின்றது. மழைச் சத்தம். அதன் நடுவே தம்பியின் உற்சாகமான குரல். வெண்ணெய் மாதிரி போகுதுக்கா என்றான். வழி சொல்கிறார், அவர் சொல்லும் பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டிருக்கிறேன், சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை என்றான்.

அவள் ஷெட்டை விட்டு வெளியே வந்து, கூரை நீட்டிக்கொண்டிருந்த விளிம்புக்குக் கீழே நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்துவதால் என்ன பயன் என்றும் தெரியவில்லை. அந்த வண்டியில் இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூடக் கிடையாது.

"அவர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"அவர் இவங்க ஆள் இல்லடா."

தம்பியின் குரலில் இருந்த சிரிப்பு வடிந்திருந்தது.

"நீதான் அனுப்பினன்னு சொன்னாரு."

அவன் முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டாள். இல்லை, ஏறியதிலிருந்து ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருக்கிறார் என்றான். கொஞ்சம் பொறுத்து, கூரைய மூடியும் சீட்டெல்லாம் தண்ணியா இருக்குக்கா என்றான். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல்.

வண்டியை நிறுத்து என்றாள். இறங்கு என்றாள். பேசாதே, அவனைப் பார்க்காதே, இறங்கி ஓடு என்றாள். பிரேக் கிறீச்சிட்டது. கதவு. சரளைக்கல்லில் ஓடும் கால்கள். மூச்சு. மூச்சு. மூச்சு. அந்த மூச்சோடு சேர்ந்து அவளும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"இறங்கிட்டேன்க்கா. ரோட்டோரம் ஒரு மரத்தடியில நிக்கறேன்."

"அவன்?"

"வண்டியிலயே இருக்கான். சாவிய விட்டுட்டேன்க்கா. வண்டி கிளம்பிடுச்சு. போயிடுச்சு."

போகட்டும். கார் போனால் போகட்டும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே நில், போனை வைக்காதே, இதோ வருகிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணில் நீர் வந்தது. பயம் தீர்ந்த நீர்.

அப்போதுதான் கேட்டது. தூரத்தில். திருப்பத்தில்.

இஞ்சின்.

"வந்துட்டாங்க," என்றார் பெரியவர் ஷெட்டுக்குள்ளிருந்து. நிம்மதியான குரல். போனில் பேசியது எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

இரண்டு வட்ட விளக்குகள் மழையைத் துளைத்துக்கொண்டு வந்தன. கேட். வாசல். அவள் முகம். கார் அவளுக்கு எதிரே பத்தடியில் நின்றது. இஞ்சின் அணையவில்லை. ஓட்டுபவர் பக்கக் கதவு திறந்தது.

தம்பி இறங்கினான்.

அவன் நீலச் சட்டை. அவன் நடை. பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து இடது காலை லேசாக இழுத்து வைக்கும் அதே நடை. பக்கத்து சீட்டு காலி.

"செம வண்டிக்கா," என்றான் சிரித்துக்கொண்டே. "இதையே எடுத்துடலாம்."

காதோரம், போனில்: "அக்கா? இருக்கியா? இங்க ரொம்ப இருட்டா இருக்குக்கா."

அவள் பின்னால் ஒரு அடி வைத்தாள். எதிரே நின்றவன் தலையைச் சாய்த்து, என்ன ஆச்சு என்பது போலப் பார்த்தான். தம்பியின் கண்கள்தான். தம்பியின் கன்னத்து மச்சம்தான். அவள் வாயிலிருந்து கேள்வி வந்தபோது அதை யாரிடம் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பேச்சு வராத வயசுல என்னை என்னன்னு கூப்பிடுவ?"

அக்கா என்று சொல்ல வராமல் மூன்று வயதுவரை அவன் உளறிக்கொண்டிருந்த சொல். வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

"காக்கா," என்றது போன், விசும்பலோடு.

"காக்கா," என்றான் எதிரே நின்றவன், சிரிப்போடு.

ஒரே நேரத்தில்.

பின்னால் ஷெட்டின் இரும்புக் கதவு தடதடவென்று இழுபட்டது. பெரியவரின் டார்ச் வெளிச்சம் அந்த முகத்தில் ஒரு கணம் விழுந்து, நடுங்கி, உள்ளே போய்விட்டது. அவர் என்ன பார்த்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாழ்ப்பாள் விழுந்தது. அவள் வெளியே. மழை. விளக்கு வெளிச்சம். கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா அழும் சத்தம்.

"அக்கா," என்றது போன். "பக்கத்துல யாருக்கா பேசறது?"

எதிரே நின்றவன் காரைச் சுற்றி நடந்து, பக்கத்து சீட்டின் கதவை அவளுக்காகத் திறந்து வைத்தான். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவள் காதிலிருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன்ல யாருக்கா?" என்றான். "குடு, நான் பேசறேன்."

கையை நீட்டினான்.