சொல்லச் சொல்ல எழுதினாள்!

செல்போன் அலறியது.

காலை ஆறு ஐம்பது. பல் தேய்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், வாயில் நுரையோடு எடுத்துக் காதில் வைத்தாள்.

"மேடம்... ஏட்டு பேசறேன். மாஸ்டர் ஸ்கூல்ல ஒரு பாடி!"

நுரையைத் துப்பினாள்.

"எந்த மாஸ்டர்?"

"நமக்கு இருக்கறது ஒரே மாஸ்டர்தானே மேடம்... உங்க வீட்டு காம்பவுண்ட் சுவத்துலகூட சிரிச்சுக்கிட்டிருப்பாரே!"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தங்க பிரேம் கண்ணாடி. கையில் தடிமனான புத்தகம். கீழே கொட்டை எழுத்தில்...

'எல்லோருக்கும் படிப்பு... எங்கேயும் இல்லை தப்பு! சட்டமன்றத்துக்கு உங்கள் மாஸ்டர்!'

பத்தே நிமிடத்தில் ஜீப் கிளம்பியது.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம். சிமெண்ட் தரை. மூன்றாவது மாடி கெமிஸ்ட்ரி லேப் ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு பெண் குப்புறக் கிடந்தாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.



தெரிந்த முகம்!

அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர். முப்பது வயது இருக்கும். பதினைந்து நாளைக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு வந்து, ஒரு மனுவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்.

'பரீட்சைக்கு முந்தின நாளே கேள்வித்தாள் கட்டைப் பிரிக்கறாங்க மேடம். இந்த ஸ்கூல்ல நூறு சதவீத ரிசல்ட் அப்படித்தான் வருது. ஏன்னு கேட்டா மிரட்டறாங்க...'

அன்றைக்குத் தான் சொன்ன பதில், ஓர் எழுத்துப் பிசகாமல் இன்ஸ்பெக்டருக்கு நினைவுக்கு வந்தது.

'எலெக்‌ஷன் முடியட்டும்... அப்புறம் வாங்க.'

அது மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவு. ஓட்டுப்பதிவு முடியும்வரை புது வழக்கு எதுவும் ஏறக் கூடாது! மாஸ்டர் தலைமையில் பாதுகாப்புக் குழு வந்த பிறகு தொகுதியில் குற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போட்டிருந்தார்கள்.

குற்றம் எங்கே குறைந்தது? அதை எழுதுவதுதான் குறைந்திருந்தது!

"தற்கொலை மாதிரி தெரியுது மேடம்," என்றார் ஏட்டு.

"வலது கையைப் பாருங்க."

இறுக மூடியிருந்த விரல்களுக்கு நடுவே ஒரு பேனா. மூடி இல்லை.

"குதிக்கப் போறவ பேனாவையா பிடிச்சுக்கிட்டுக் குதிப்பா?"

"லெட்டர் எழுதி வச்சுட்டு அந்த வேகத்துல..."

"அப்படின்னா லெட்டர் எங்கே?"

இருவரும் மாடி ஏறினார்கள். லேப் மேஜைமேல் பேனாவின் மூடி. பக்கத்தில் வெள்ளைத்தாள் கட்டு. இழுத்துப் போடப்பட்ட ஸ்டூல். கடிதம் மட்டும் இல்லை!

வாசலில் வாட்ச்மேன் நின்றிருந்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"நான் யாரையும் பாக்கல மேடம். யாருமே வரல. எனக்கு எதுவுமே தெரியாது!"

"நான் இன்னும் கேக்கவே இல்லையே?"



*

பிரின்ஸிபால் அறையில் ஏ.சி. ஜில்லென்று ஓடியது. மாஸ்டர் பிஸ்கட்டைக் காபியில் முக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சினன். தேர்தல் வேலை மொத்தமும் அவன் கையில்தான்.

"உக்காருங்க மேடம். பாவம்... தங்கமான பொண்ணு. இப்படியா தற்கொலை பண்ணிக்கும்? பதினோரு மணிக்கு கிரவுண்ட்ல கூட்டம் இருக்கு. அதுக்குள்ள பாடியை எடுத்துடுவீங்கல்ல?"

"கொலையா இருக்கலாம் சார்."

பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

மச்சினன் அவர் காதருகே குனிந்தான். ரகசியம் பேசுகிறானாம்! அறை முழுக்கக் கேட்டது.

"மாமா... கொலைன்னாலும் நமக்கு நல்லதுதான். எதிர்க்கட்சி தலையில கட்டிடலாம். அனுதாப ஓட்டு அள்ளிடும்!"

மாஸ்டரின் முகம் நொடியில் மாறியது. கண்ணில் நீரே வந்துவிட்டது.

"கொலைதான் மேடம்! ஒரு பொண்ணைத் தற்கொலைக்குத் தூண்டினா அது கொலை இல்லாம வேறென்ன? படிப்பு சொல்லிக் குடுத்த தெய்வத்தைக் கொன்னுட்டாங்களே பாவிங்க!"

ஊறிய பிஸ்கட் உடைந்து காபிக்குள் விழுந்தது. அழுகையை நிறுத்தாமலே அதை ஸ்பூனால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

"யார் தூண்டினாங்க சார்?"

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். ஒட்டிய கவர்.

"நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணே என் கையில குடுத்துது. 'நாளைக்குக் கூட்டத்துல பிரிங்க சார்'னு சொல்லிட்டுப் போச்சு. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும்."

"குடுங்க சார். அது சாட்சியம்."

"குடுப்பேன். எல்லார் முன்னாடியும் குடுப்பேன். டிவிக்காரங்க வராங்க. நீங்களே பிரிச்சு, நீங்களே மைக்ல படிங்க. போலீஸ் படிச்சாத்தான் அதுக்கு மதிப்பு!"

மச்சினன் கை நீட்டினான்.

"மாமா, எதுக்கும் ஒரு தடவை நான் படிச்சுப் பார்த்துடறேனே..."

"கையை எடு மாப்ள! ஒட்டின கவரை ஒட்டினபடிதான் குடுக்கணும். சட்டம் தெரியாம உளறாதே!"

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். "இப்பவே குடுத்தாகணும் சார்."

மச்சினனின் விரல்கள் செல்போனில் விளையாடின. அடுத்த நிமிடம் அவள் செல்போன் அடித்தது. மேலதிகாரி!

"என்னம்மா, மாஸ்டர்கிட்ட மல்லுக்கு நிக்கறியாமே? அவர் சொல்றபடி கேளு. நாளைக்கு அவர்தான் நமக்கு மந்திரி. புரியுதா?"

"புரியுது சார்."

சொல்லிவிட்டு, சொன்ன வாயையே கழுவ வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

*

பதினோரு மணி. சுட்டெரிக்கும் வெயில். மாணவ மாணவிகளை வரிசை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். மேடையில் மட்டும் பந்தல்.

மாஸ்டர் பேசினார். கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை. மடமடவென்று கொட்டினார். படிப்பு வளர்ந்தால் குற்றம் தானாக ஓடிவிடுமாம். சட்டமன்றத்தில் அவருடைய முதல் பேச்சே பள்ளிக்கூடங்களைப் பற்றித்தானாம். கைதட்டல்! பிறகு டீச்சருக்காக ஒரு நிமிட மௌனம். அந்த ஒரு நிமிடத்தில் காலரை இரண்டு தடவை சரிசெய்துகொண்டார்.

"இப்போ... அந்தப் புண்ணியவதி எழுதின கடிதத்தை நம்ம இன்ஸ்பெக்டர் மேடம் படிப்பாங்க! யார் குற்றவாளின்னு நாடே தெரிஞ்சுக்கட்டும்!"

கேமராக்கள் நெருங்கின.

இன்ஸ்பெக்டர் கவரைப் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்தாள்.

மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"படிங்க மேடம்! நல்லா சத்தமா!" பின்னாலிருந்து உற்சாகப்படுத்தினார் மாஸ்டர்.

படித்தாள்.

"'இன்று காலை மணி ஆறு பத்து. கெமிஸ்ட்ரி லேபில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரில் மாஸ்டர் நிற்கிறார். எதிர்க்கட்சிக்காரர் தூண்டிவிட்டதால் நான்தான் கேள்வித்தாளை வெளியே விட்டேன் என்று எழுதச் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்...'"

ஒரு நொடி நிறுத்தினாள்.

"'...ஆனால், அவர் சொல்வதை அல்ல.'"

மாஸ்டர் இன்னும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கலைக்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

"'அது அவருக்குத் தெரியாது. ஏனென்றால் மாஸ்டருக்குப் படிக்கத் தெரியாது! போன மாதம் கேள்வித்தாள் புகாரை அவர் கையில்தான் முதலில் கொடுத்தேன். மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, வாழ்த்துக் கவிதை பிரமாதம் என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பிறகு யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதன்பின் மிரட்டல் ஆரம்பித்தது. இதை எழுதி முடித்தால் விட்டுவிடுவதாகச் சொல்கிறார். விடுவார் என்று தோன்றவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்...'"

"மைக்கை ஆஃப் பண்ணுடா!" மாஸ்டர் அலறினார்.

மைக்செட்காரர் ஸ்விட்சைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

இன்னும் ஒரு பாரா பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்டரின் கண் அதற்குள் ஓடிவிட்டது.



மடித்துவிடலாம். இவ்வளவே போதும், மாஸ்டரை உள்ளே தள்ளுவதற்கு. மீதியைப் படிக்காவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

எதிரே வெயிலில் நின்ற பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படித்தாள்.

"'பதினைந்து நாளுக்கு முன் ஸ்டேஷனுக்கு மனுவோடு போனேன். இன்ஸ்பெக்டர் மேடம் அதை... வாங்கவில்லை. எலெக்‌ஷன் முடிந்து வரச் சொன்னார்கள். அவர்களைப் பார்த்தால் கெட்டவர்களாகத் தெரியவில்லை. பயந்தவர்களாகத் தெரிந்தது. இந்தக் கடிதம் அவர்கள் கைக்குப் போனால், இந்தத் தடவையாவது வாங்கிக்கொள்ளட்டும்.'"



"பொய்!" மாஸ்டர் மேஜையைக் குத்தினார். "போர்ஜரி! எல்லாம் எதிர்க்கட்சி சதி!"

இன்ஸ்பெக்டர் கடிதத்தின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல எந்த வரி பொய்னு நீங்களே படிச்சுக் காட்டுங்க சார். கேமரா ஓடுது."

மாஸ்டர் பார்த்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"கண்ணாடி... கண்ணாடி கொண்டுவரல..."

மச்சினன் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டான்.

"மூக்குலதான் இருக்கு மாமா!"

பிள்ளைகள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான்... மைதானம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"நான் பாத்தேன் மேடம்! அஞ்சே முக்காலுக்கு மாஸ்டர்தான் வந்து கேட்டைத் திறக்கச் சொன்னாரு! அவர் வரச் சொன்னார்னு டீச்சரம்மா பின்னாடியே வந்தாங்க!"

"காலையில ஏன்யா சொல்லல?"

"காலையில அவர் ஜெயிக்கற மாதிரி இருந்துச்சு மேடம்..."

அவர்மீது கோபப்பட அவளுக்கு யோக்கியதை இல்லை. ஏட்டிடம் விலங்கை வாங்கி, அவளே மாட்டினாள்.

*

ஸ்டேஷன். டீச்சர் மனுவோடு காத்திருந்த அதே பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொரு வரியா சொன்னேன்," என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார். "தலையை ஆட்டி ஆட்டி எழுதினா... கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு வேற பாராட்டினேன்... பாவி!"

இன்ஸ்பெக்டர் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். பேனாவைப் பிடித்தபடி கிடந்த அந்தக் கை, கண்ணைவிட்டுப் போக மறுத்தது.

செல்போன் அடித்தது. மேலதிகாரி.

"என்னம்மா, டிவியில பார்த்தேன். அந்த ஆளை எனக்கு யாருன்னே தெரியாது! காலையில நான் போன் பண்ணவே இல்ல. என் பேரு எங்கேயும் வந்துடக் கூடாது!"

"வந்துடுச்சு சார்."

"என்னது?"

"மனுவை வாங்காம திருப்பி அனுப்பினதுக்கு என்மேல நானே ரிப்போர்ட் எழுதியிருக்கேன். முதல் வரியில என் பேரு. வாங்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டவர் பேரு ரெண்டாவது வரியில."

 போனை வைத்துவிட்டு, கைதுத் தாளை மாஸ்டர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க. என்ன எழுதியிருக்குன்னு ஏட்டு படிச்சுச் சொல்வார்."

மாஸ்டர் நிமிர்ந்தார். குரலில் பழைய மேடைச் சூடு கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"படிக்கத் தெரியாதது ஒரு குத்தமா மேடம்?"

"இல்ல சார். எங்கப்பாவுக்கும் தெரியாது. ஆனா அவர் யாரையும் ஜன்னல்லேர்ந்து தள்ளல."

மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். வருடக்கணக்கில் பழகிய, அலங்காரமான கையெழுத்து. பேனாவை வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"ஜெயில்ல... என்னை என்ன பண்ணுவாங்க மேடம்?"

இன்ஸ்பெக்டர் தாளை உறையில் போட்டு ஒட்டினாள்.

"முதல்ல அ, ஆ சொல்லித் தருவாங்க சார். பீஸ் கிடையாது... லீவும் கிடையாது!"