கடைசி உறுமல்

பழங்காநத்தம் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் அந்தக் கார் உறுமியது. ஒரு தடவை இல்லை... விட்டு விட்டு உறுமிக்கொண்டே இருந்தது. முன்னால் ஸ்கூட்டியில் நின்ற ஜாய்ஸுக்குக் காது கூசியது. மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சர் அவள். திரும்பிப் பார்த்தாள். கூரையை மடக்கிவிட்ட பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அவள் பார்த்ததும் இன்னொரு உறுமல்...

அவ்வளவுதான். ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நேரே அவன் முன்னால் போய் நின்றாள். தூறலில் நனைந்த இமைகளுக்குக் கீழே பெரிய பெரிய கண்கள்... அத்தனை ஈரத்திலும் சுட்டன.

“பொம்பளப் பிள்ளைகளப் பாத்தா உறும விடணுமோ? கால எடுங்க.”

காரிலிருந்த இம்மானுவேல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுபோனது. அதே நேரம் பச்சை விழுந்தது. பின்னாலிருந்த டவுன் பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது.

விஷயம் இதுதான். வேகமாகப் போனால் அந்தக் காரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேகம் குறைந்தால் இஞ்சின் அணைந்துவிடும். காலை எடுக்கவும் முடியாது, காரணத்தை ஊரிடம் சொல்லவும் முடியாது. பழைய இரும்புக் கடையில் கிடந்ததை வாங்கி, ஒரு மெக்கானிக்கையும் தொடவிடாமல் அவனே பூட்டி எழுப்பிய கார் அது. தன்னைக் காலிப்பயல் என்று சொன்னாலும் சொல்லட்டும், தன் காரை ஓட்டை வண்டி என்று யாரும் சொல்லக்கூடாது. அவன் ரோஷம் அப்படி!

ஓரமாகத் தள்ளும்போது அதை அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆமாம், திட்டிய கையோடு அவளும் சேர்ந்துதான் தள்ளினாள். மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இஞ்சின் அடங்கும் நேரத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டாள். எங்கேயோ ஓட்டை, காற்றுச் சத்தம் வருகிறது என்றாள். மிஷன் பள்ளி ஆர்மோனியத்தில் துருத்தி கிழிந்தபோது இதே ‘உஸ்’தானாம்.

“ஆர்மோனியம் வேற, இஞ்சின் வேற டீச்சர்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கண்கள் மட்டும் போகவில்லை... வீடு வரைக்கும் கூடவே வந்தன.

சனிக்கிழமை அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். சர்ச்சிலிருந்து மண்டபம் வரை, பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால், பொண்ணு மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வருவார்கள் என்று சொந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். நடக்கிற வேகத்தில் போகவேண்டிய ஊர்வலம்... அந்த வேகம்தானே இதற்கு ஆகாது! கார்புரேட்டரைக் கழுவினான், பிளக் மாற்றினான், ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றிப் பார்த்தான். சொந்தத் தெருவிலேயே திரும்பத் திரும்ப நின்றது.

“நடுரோட்டுல பொண்ணு மாப்பிள்ளைய எறக்கித் தள்ளச் சொல்லுவியோ?” என்றார் அப்பா ஆசீர்வாதம். நாளை வாடகைக் காருக்குச் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார்.

அப்போதுதான் இம்மானுவேலுக்கு உறைத்தது. நின்றுவிடுமோ என்ற பயத்தில் எப்போதும் உறும விட்டே ஓட்டியவன், அதன் மெல்லிய சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. அவள் கேட்டிருக்கிறாள்!

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றான். அவள் பார்த்தும் பார்க்காதது போல வந்தாள்.

“இஞ்சின் வேறன்னு யாரோ சொன்னாங்களே...”

“அந்த யாரோ ஒரு மடையன் டீச்சர்.”

உதட்டோரம் வந்த சிரிப்பை அவள் அடக்கிக்கொண்டாள். மரத்தடியில் பானெட்டைத் திறந்தார்கள். அவன் சீட்டில் இருந்து இஞ்சின் அணையாமல் கால் நுனியால் தாங்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து நின்ற பானெட் அவளை மறைத்தது, வளையல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“இப்ப கால எடுங்க.”

அதே வார்த்தை... ஆனால் என்ன மென்மை! மெல்லக் காலை எடுத்தான். இஞ்சின் நிற்கவில்லை. பிசிறில்லாமல் முனகிக்கொண்டே இருந்தது.

இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தான். கார்புரேட்டருக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய், மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி அடியில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பை அவள் விரல் மூடியிருந்தது. நெற்றியில் கரி, கண்ணில் கர்வம்... இவளை விட்டுவிடக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டான். கல்யாணத்துக்கு அவசியம் வரவேண்டும் என்றான். வாரேன் என்றாள்.

சனிக்கிழமை, புதுக் குழாய் மாட்டிய கார் பேண்டுக்குப் பின்னால் நடை வேகத்தில் வந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. “எம்மவன் பூட்டுனது,” என்று ஆசீர்வாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே நடந்தார்.

“கோளாறக் கண்டுபிடிச்சது டீச்சருப்பா,” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான் மகன். கூட்டத்தோடு வந்த ஜாய்ஸின் நடையே மாறிவிட்டது. பட்டுப்புடவையில் ஒரு மிடுக்கு வந்து சேர்ந்தது.

மண்டப வாசலில் பொண்ணு மாப்பிள்ளை இறங்கி உள்ளே போனதும் அவன் அவளிடம் வந்தான். கார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு டீச்சர். இன்னொண்ணும் சொல்லணும்... அன்னைக்குச் சிக்னல்ல உறும விட்டதெல்லாம் வண்டி நிக்காம இருக்கத்தான். நீங்க திரும்பிப் பாத்த பெறகு விட்டது மட்டும்... உங்களுக்காக.”

அவள் கண்கள் ஒரு நொடி தாழ்ந்து, பிறகு நேராக அவனைப் பார்த்தன.

“தெரியும். அது வேற சுருதி,” என்றாள் ஜாய்ஸ். “அதுக்குத்தான வண்டிய விட்டு எறங்கி வந்தேன்.”